ரெண்டாவது வாசல்

இடுப்பு வலி எனக்குப் பழசு, மேடம். இந்த போலீஸ் ஸ்டேஷன் மர நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இடது பக்கம் பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு தடவை எழுந்து நின்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடுவதற்காக எழுந்திருக்கவில்லை. ஓடுகிறவனாக இருந்தால் மத்தியானமே ஓடியிருப்பேன். ரயில்வே ஸ்டேஷன் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம்.

வலி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்க நைனா பவர்லூம் கூலி. மீசை முளைக்கிறதுக்கு முன்னாலேயே நான் பாவு உருளையைத் தோளில் சுமந்தவன். தறி ஓடாத மாசங்களில் திருவாலங்காடு பக்கம் கரும்புக்குப் போவோம். வெட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. கரும்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, சாய்த்த பலகை மேல் ஏறி லாரிக்குள் போடவேண்டும், அதுதான் வேலை. பனியில் பலகை வழுக்கும். ஒரு நாள் கட்டோடு விழுந்தேன். அன்றைக்குப் போனது இந்த இடுப்பு. கனம் தூக்காதே என்றார் டாக்டர். எங்க நைனா அவரையே பார்த்து, "அப்பறம் இன்னா சார் பண்ணுவான் இவன்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடினேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கீழே கடை, முதல் மாடியில் வீடு, அதற்கு மேலே மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒரு ரூம். இந்த ஊரில் லாட்ஜ், கல்யாண மண்டபம், புடவைக் கடை என்று பாதிப் பேருடைய வெப்சைட்டும் மெயிலும் நான் போட்டுக் கொடுத்ததுதான். என் வேலையில் இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை.

இடுப்பைப் பற்றி எதற்குச் சொல்கிறேன் என்றால், காஞ்சனாவை என்னால் தூக்க முடியாது. காஞ்சனா என் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன்னால் கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பி வந்துகினு இருந்தோம். நாய் குறுக்கே வந்தது. நான்தான் ஓட்டினேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே கால் அசையவில்லை. உணர்ச்சி மட்டும் கொஞ்சம் இருந்தது, எறும்பு ஊறுவதுபோல இருக்குது என்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ரெண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண். ஆயா வைத்தேன். முதல் ஆயா பத்து நாள் இருந்தாள். "இன்னா கனம் கனக்குதுப்பா உன் பொண்டாட்டி. வேற ஆளைப் பாரு" என்று காஞ்சனா காதில் விழுகிற மாதிரியே சொல்லிவிட்டுப் போனாள். அடுத்தவள் வரவே இல்லை, ஃபோனையும் எடுக்கவில்லை.

அப்போதுதான் மோகனப்ரியா வந்தாள். காஞ்சனாவின் தங்கை. நர்சிங் படித்தவள். வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை வருகிற வரைக்கும், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, அக்காவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே ஒரு பையோடு வந்தாள். ஒற்றை ஆளாகக் காஞ்சனாவைத் தூக்கி உட்கார வைத்துவிடுவாள். அதற்கு ஒரு முறை இருக்கிறதாம், முழங்காலை மடக்கிக்கொண்டு தூக்கவேண்டுமாம். எனக்கும் காட்டித் தர வந்தாள். என் இடுப்பைச் சொன்னேன். அதற்கப்புறம் அவள் கேட்டதில்லை.

அவள் வந்த பிறகு வீட்டில் சத்தம் வந்தது. நான் கீழே கடையில் இருந்தால் மாடியிலிருந்து கேட்கும்.

"ஏய் அக்கா, நீயும் கொஞ்சம் எம்பினா இன்னா? மூட்டை மாரி கெடக்கறியே."

"மூட்டைக்கு வாய் இருக்குதுடி. சரியா தூக்கலைன்னா கூலியப் பிடிச்சிக்கும்."

"நீ குடுக்கற கூலிக்கு இவ்ளோதான் தூக்க முடியும், போ."

ரெண்டு பேரும் சிரிப்பார்கள். விபத்துக்கு முன்னால்கூட எங்கள் வீட்டில் அந்த மாதிரி சிரிப்புச் சத்தம் இருந்ததில்லை. நான் காப்பி டம்ளரோடு படியிலேயே நின்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் மேலே போவேன்.

வேறு எண்ணத்தில் அவளைப் பார்த்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. ஒரு நாளும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

இனி மெயில் விஷயம். காஞ்சனா ஆன்லைனில் புடவை விற்றுக்கொண்டிருந்தாள், படுத்த பிறகும் படுத்தபடியே விற்றாள். அதற்காக அவள் பேரில் நான் ஒரு டொமைன் வாங்கியிருந்தேன். ப்ரியாவுக்கும் அதிலேயே ஒரு மெயில் விலாசம் போட்டுக் கொடுத்தேன். வேலைக்கு எழுதும்போது சொந்த டொமைனில் இருந்தால் மதிப்பாக இருக்கும் என்றேன். அது உண்மைதான்.

டொமைன் என்பது வெறும் பேர். அந்தப் பேருக்கு வெப்சைட் எந்த மிஷினில் இருக்கிறது, மெயில் எந்த மிஷினுக்குப் போகவேண்டும் என்பதை டிஎன்எஸ் என்கிற இடத்தில் வரிவரியாக எழுதி வைக்கவேண்டும். யாராவது காஞ்சனாவின் டொமைனுக்கு மெயில் போட்டால், அவர்களுடைய மிஷின் முதலில் அங்கே போய்க் கேட்கும், தபாலை எந்த வாசலில் போடுவது என்று. அதற்குப் பதில் சொல்கிற வரிக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு என்று பேர். ஒன்றுக்கு மேல் எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. நம்பர் சின்னதாக இருக்கிற வாசலைத்தான் முதலில் தட்டுவார்கள். அங்கே யாரும் திறக்கவில்லை என்றால் அடுத்த வாசல்.

காஞ்சனாவுடைய டொமைனில் ஒரு வரிதான் இருந்தது, பெரிய மெயில் கம்பெனியின் வாசல். ப்ரியா வந்து ரெண்டாவது மாசம் அதற்கு மேலே சின்ன நம்பரில் இன்னொரு வரி எழுதினேன். என் மொட்டை மாடி ரூமில் இருக்கும் மிஷினுக்கு. அந்த மிஷினுக்கு வைத்திருந்த பேரில் என் கடைப் பேரே இருந்தது. எல்லா மெயிலும் முதலில் அங்கே வரும். வேண்டாததை நான் நிறுத்திக்கொள்வேன். மற்றது அடுத்த நொடியே அந்தக் கம்பெனிக்குப் போய்விடும். ஒரு மாசத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். நல்ல ஆயாவாகக் கிடைக்கிற வரைக்கும்.

மறைத்து வைத்தேன் என்று எழுதாதீர்கள் மேடம். இந்த ரெக்கார்டை மறைக்கவே முடியாது. ஊருக்கே தெரிந்தால்தான் மெயில் வரும். டொமைன் பேரைப் போட்டுத் தேடினால் யார் கேட்டாலும் பதில் வரும், பாஸ்வேர்டு வேண்டாம், ஒன்றும் வேண்டாம். மூன்று வருஷமாக என் கடைப் பேர் அங்கே உலகத்துக்கே தெரிகிற மாதிரி நின்றது. ஒருத்தரும் கேட்கவில்லை.

முதல் வேலை துபாயிலிருந்து வந்தது. நேர்காணலுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார்கள். அடுத்தது ஜெர்மனி, மொழி படிக்கவும் அவர்களே ஏற்பாடு. நிறுத்தினேன். பதிலே வராமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று, சில இடங்களிலிருந்து வருவது மாதிரி நானே எழுதி அனுப்பினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த முறை தேர்வாகவில்லை என்று. எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரிதான் எழுதுகிறது. கஷ்டமாக இல்லை.

அக்கா புருஷன் என்று ப்ரியா என்னைப் பாவா என்பாள். ஒரு தடவை கேட்டாள்: "பாவா, மெயில்ல ஏதாவது கோளாறா? ஒருத்தனும் கூப்பிடவே மாட்டேங்கறான்."

"ஆயிரம் பேர் அப்ளை பண்றாங்க ப்ரியா. ஒடனே வந்துடுமா?"

அவள் சினேகிதியை விட்டு ஒரு மெயில் போடச் சொல்லிப் பார்த்தாள். உடனே வந்தது. மெயில் சரியாகத்தான் இருக்குது என்று அவளே சொன்னாள். காஞ்சனா கட்டிலில் இருந்தபடி, "உனக்கு ராசி இல்லடி. என்னையக் கட்டிகினு அழணும்னு எழுதியிருக்குது" என்றாள். ப்ரியா சிரித்தாள். ஆனால் அன்றைக்கு சீக்கிரம் படுத்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் எழுதிப் போடுவதையே விட்டுவிட்டாள். சர்டிபிகேட் ஃபைலை எடுத்து பீரோ மேல் வைத்தாள். தூசு படக்கூடாது என்று நான்தான் நல்ல பிளாஸ்டிக் கவர் வாங்கிவந்து போட்டுக் கொடுத்தேன். "தேங்க்ஸ் பாவா" என்றாள்.

பழைய வரியை ஏன் எடுக்காமல் விட்டாய் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. எடுத்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். பவர்லூம் கொட்டகைக்குள் போயிருக்கிறீர்களா? தறி பக்கத்துச் சுவரில் ஆணியடித்து இன்னொரு பெல்ட் எப்பவும் தொங்கும். பெல்ட் அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். அதனால் ரெண்டாவது பெல்ட் இல்லாமல் யாரும் மோட்டாரைப் போடமாட்டான். எங்க நைனா அதை வாங்க மறந்த ஒரு நாள் நாங்கள் ராத்திரி சாப்பிடவில்லை. அந்தப் பழக்கம் எனக்குப் போகவில்லை. என் மிஷின் நின்றுபோனாலும் காஞ்சனாவுடைய புடவை ஆர்டர் ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று பழைய வாசலை ரெண்டாவதாக அப்படியே விட்டுவைத்தேன். அவள் தொழிலில் நான் ஒரு பைசா கை வைத்ததில்லை.

மிஷின் நிற்காமல் இருக்க இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வாங்கி மேல் ரூமில் வைத்தேன். மாசாமாசம் ஒரு நாள் முழுக்க கரண்ட் நிறுத்துவார்களே, அதையும் தாங்கியது.

ஆடிக் கிருத்திகைக்காக லைன் சரிபார்க்கிறோம் என்று இன்றைக்குக் காலையிலேயே கரண்ட்டை நிறுத்தினார்கள் இல்லையா. பத்து நாளாக எனக்குக் கடையை விட்டு நகர நேரமில்லை. லாட்ஜ்காரர்கள் எல்லாரும் ரூம் புக்கிங் ரூம் புக்கிங் என்று உயிரை எடுத்தார்கள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறேன். பதினோரு மணிக்கெல்லாம் அது படுத்துவிட்டது. முதல் வாசலில் யாரும் திறக்கவில்லை. அப்போது வந்த மெயில் ஒன்று ரெண்டாவது வாசலில் நேராக உள்ளே போய்விட்டது.

அது வேலைக் கடிதம் இல்லை.

ப்ரியா வந்த புதிதில், வேலூர் தாண்டி ஒரு மறுவாழ்வு மையத்துக்குக் காஞ்சனாவுடைய ஸ்கேன் எல்லாம் அனுப்பியிருந்தாள். அவர்கள் அப்போதே பதில் எழுதியிருந்தார்கள். நரம்பு முழுசாக அறவில்லை, உணர்ச்சி இருப்பது நல்ல அடையாளம், படுக்கை ஒன்று காலியாகிறது, முதல் வருஷத்துக்குள் பயிற்சி கொடுத்தால் கம்பு ஊன்றி நடக்க வாய்ப்பு இருக்கிறது, உடனே அழைத்து வாருங்கள் என்று. அடுத்த மாசம் இன்னொன்று எழுதினார்கள். ஃபோனிலும் கூப்பிட்டார்கள். புருஷன் என்று என் நம்பரைத்தான் அவள் கொடுத்திருந்தாள். வேறு இடத்தில் பார்த்துகினு இருக்கிறோம் என்று சொன்னேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். எனக்கும் அதை யோசிக்க இவ்வளவு நாள் இருந்தது. ப்ரியாவை நிறுத்தி வைத்தது காஞ்சனாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றுதானே. அப்படியென்றால் அந்தக் கடிதம் வந்ததும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கடையில் உட்கார்ந்து ரெண்டு தடவை படித்தேன். மாடியில் அவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். காஞ்சனா எழுந்துவிட்டால் ப்ரியாவுக்கு இங்கே என்ன வேலை? கிளம்பிவிடுவாள். வீடு பழையபடி ஆகிவிடும். நானும் காஞ்சனாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த வீடு. கடிதத்தை நிறுத்தினேன். எல்லாம் நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது.

இன்றைக்கு உள்ளே போனது அந்த மையத்தின் கடைசிக் கடிதம். பழைய கோப்புகளை முடிக்கிறார்களாம். ரெண்டு முறை எழுதினோம், குடும்பத்தாரிடம் பேசினோம், பதில் இல்லாததால் மூடுகிறோம். மறுபடியும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முதல் வருஷத்தில் கிடைத்திருக்கக்கூடிய பலனை இனி எதிர்பார்க்க வேண்டாம்.

பேட்டரி நின்றது தெரிந்து நான் மேலே ஏறினேன். வழியில் முதல் மாடி. ஃபேன் ஓடவில்லை. ப்ரியா புடவை அட்டையால் அக்காவுக்கு விசிறிக்கொண்டே அந்த மெயிலை சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"பாவா, ரெண்டு தடவ எழுதினாங்களாம். ஃபோன்ல வேற பேசினாங்களாம். உங்க நம்பர்தானே குடுத்தேன்?"

"ஏதாவது ராங் நம்பரா இருக்கும்" என்றேன்.

காஞ்சனா என்னைப் பார்த்தாள். அப்புறம் தன் காலைப் பார்த்தாள்.

நான் கீழே வந்துவிட்டேன். ப்ரியா மெயில் கம்பெனிக்கு ஃபோன் போட்டிருக்கிறாள். அங்கே இருந்த பையன், உங்க டொமைனுக்கு எம்எக்ஸ் ரெண்டு காட்டுதே, முதல் வரி எங்களது இல்லையே என்றிருக்கிறான். எப்படிப் பார்ப்பது என்றும் அவனே சொல்லியிருக்கிறான். பேரைப் போட்டு ஒரு தட்டு, அவ்வளவுதான். ஃபோனைப் பிடித்துகினு கடைக்குள் வந்தாள். லாட்ஜ் எல்லப்பன் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"இது இன்னா பாவா?"

திரையில் ரெண்டு வரி. மேல் வரியில் என் கடைப் பேர்.

எல்லப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா நாகேந்திரா, மச்சினிச்சி கணக்கு கேக்குதா? ஒழுங்கா காட்டிடு, அவங்ககிட்ட நம்ம பருப்பு வேகாது" என்று சிரித்தார்.

"ஸ்பேம் வராம இருக்கறதுக்கு வெச்சது" என்றேன்.

"மூணு வருசமா?"

"ஆங்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். எல்லப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவள் மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் பீரோ மேலிருந்த ஃபைலையும் எடுத்துக்கொண்டு இறங்கி, என்னைத் தாண்டி இங்கே உங்களிடம் வந்தாள்.

அவள் போனதும் என் ஃபோனிலேயே அந்த வரியை அழித்தேன். ஆனால் டிஎன்எஸ்ஸில் அழித்தது உடனே அழியாது மேடம். ஒரு தரம் கேட்டு வாங்கிய பதிலை நெட் கம்பெனி கையில் வைத்துக்கொள்ளும். இத்தனை நேரத்துக்கு மறுபடி கேட்கவேண்டாம் என்று ஒவ்வொரு வரியிலும் ஒரு கெடு எழுதியிருக்கும். அதை எழுதினவனும் நான்தான். ஒரு நாள் என்று எழுதியிருந்தேன். மாற்றவே போவதில்லை என்ற நினைப்பில் எழுதியது. ப்ரியா வைத்திருக்கிற அதே கம்பெனி சிம்தான் நீங்களும் வைத்திருக்கிறீர்கள். சாயங்காலம் நீங்கள் இந்த மேஜையில் உங்கள் ஃபோனில் பார்த்தபோது, நான் அழித்த வரி அப்படியே நின்றது. அதற்கு மேல் நான் பொய் சொல்லவில்லை. நாளை மத்தியானம் வரைக்கும் அது அங்கேயே இருக்கும்.

நீங்கள் கேட்டதில் ஒன்று பாக்கி. அந்த பேட்டரியை மேல் ரூமுக்கு யார் தூக்கிப் போனது என்று கேட்டீர்கள்.

நான்தான். வெளியாளைக் கூப்பிட்டால் ரூமில் என்ன இருக்கிறது என்று கேட்பான். ஐம்பது கிலோவுக்கு மேலே இருக்கும். முழங்காலை மடக்கிக்கொண்டு, ப்ரியா சொன்ன முறைப்படி தூக்கினேன். ரெண்டு மாடி. முதல் மாடியைத் தாண்டும்போது கதவு திறந்திருந்தது. காஞ்சனா கட்டிலிலிருந்து பார்த்தாள். "இடுப்பு ஜாக்கிரதைங்க" என்றாள். அவள் இப்போது நாற்பது கிலோகூட இருக்க மாட்டாள் என்று ப்ரியா உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். இருக்கலாம். நான் தூக்கிப் பார்த்ததில்லை.

மூன்று வருஷமாக அவள் அந்த மாடியை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக முருகன் கோயில் மலை தெரியும், படிக்கட்டில் விளக்கு போட்டால் தெரியும். விபத்து நடந்த வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே வேண்டிக்கொண்டாள், எழுந்து நடந்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்துப் படியேறி வருகிறேன் என்று. இதோ, வாசலில் மேளம் கேட்கிறதே, ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அவள் பேருக்கு நானே எடுத்திருப்பேன். இந்த இடுப்போடு அவ்வளவு படி ஏறமுடியாது, மேடம்.

காஞ்சனா முருகனுக்குச் செலுத்தவேண்டிய காவடி இன்னும் பாக்கி.